நடுவில் யாரும் இல்லாத கம்பி

பாங்கிலன் தீவு,
பிப்ரவரி 9

நோங் ஜெர்வின்,

முதலில் சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. உன் கடை முதலாளிக்கும் கூடாது, உன்னோடு அறையில் இருப்பவர்களுக்கும் கூடாது. படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததைக் கடைக் குப்பையில் போடாதே. செபு நகரத்துக்கு வரும் நம் தீவுக்காரர்கள் எல்லாரும் போனை ரிப்பேர் செய்ய அந்தத் தெருவுக்குத்தான் வருவார்கள்.

நான் உன் தங்கை ரோவெலின், ஊரே இண்டாய் என்று கூப்பிடுகிற பெண். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்து இப்படி. போனில் அனுப்ப வழியில்லை. அப்பா உன் எண்ணை எல்லாருடைய போனிலிருந்தும் அழித்துவிட்டார். இரவானால் என் போனை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். தாள் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. படகில் சீட்டுக் கிழிக்கும் மனாங் பெபெத் இதை எடுத்துப் போய், செபு கப்பலில் சமைக்கும் தன் கணவரிடம் கொடுப்பாள். நீயும் அப்படியே பதில் அனுப்பு.

நீ போன பிறகு அப்பா பயணிகள் படகின் சுக்கானைத் தொடவில்லை. துறையில் ஐஸ் பாளம் தூக்குகிறார். அவர் ஓட்டிய படகில் ஏறி வருகிறவர்களுடைய மீனுக்கு அவரே ஐஸ் போடுகிறார். படகு முதலாளி பாஸ் சந்தோ இப்போது புதுப் படகு கட்டுகிறார். திருவிழா முடிவதற்குள் அதன் கேப்டன் யார் என்று சொல்வாராம். அவர் அக்கா மகன் ரிக்கோ இப்போதே தொப்பி வாங்கிவிட்டான். தொப்பியின் விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை.

அப்பா எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருக்கிறார். "அந்தப் படகுப் பேச்சை இந்த வீட்டுல யாராச்சும் எடுத்தீங்க, மேல இருக்கிற அவன் கம்ப்யூட்டர் நேரா கடலுக்குள்ள போகும்." அவர் சொன்னால் செய்வார் என்று உனக்குத் தெரியும்.

நான் அந்தப் பேச்சைத்தான் எடுக்கப் போகிறேன். வாயால் இல்லை.

உன் கணினியில் நான் ஒன்று செய்திருக்கிறேன். என்ன என்று இப்போது கேட்காதே. திருவிழா அன்று அது கீழே கூடத்தின் பெரிய டிவியில் ஓட வேண்டும். கணினியில் ஓடும் விளையாட்டை டிவிக்குக் கொண்டுவரும் உன் கறுப்புப் பெட்டி, சோப்பு அளவில் இருக்குமே, அது டிவிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. துடைத்துப் போட்டேன், வைஃபையில் வேலை செய்கிறது. ஆனால் திருவிழா அன்று வைஃபை என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சாப்பிட வருகிற ஊரெல்லாம் பாஸ்வேர்ட் கேட்கும். அப்பா போன வருடம் போலவே அதை அட்டையில் பெயிண்டால் எழுதி வாசலில் தொங்கவிடுவார். விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டு வைஃபை தராத வீடு என்று பேர் வாங்க அவர் சம்மதிக்க மாட்டார். போன வருடம் நீ விளையாடும்போது உன் குதிரைக்காரன் காற்றிலேயே நின்றானே, எல்லாரும் சிரித்தார்களே. எனக்கு அது நடக்கக் கூடாது. கை திரும்பிய அதே கணம் திரையிலும் திரும்ப வேண்டும். ஒரு மூச்சுகூடத் தாமதம் இருக்கக் கூடாது.

அதனால் கணினியிலிருந்து ஒரு கம்பியைத் தளத்து மூங்கில் இடுக்கு வழியாகக் கீழே இறக்கி நேராகப் பெட்டியில் சொருகினேன். பெட்டி "கணினி எதுவும் இல்லை" என்கிறது. கணினி அதன் தலைக்கு நேர் மேலேதான் இருக்கிறது! ஏன் நோங்?

இப்போதெல்லாம் என் கதவை யாரும் தட்டுவதில்லை. அப்பா கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா துடைப்பக் கட்டையால் தளத்தை இடிப்பாள். நீ ஒருவன்தான் படகு முன்னணியில், அந்த மூக்கு நுனியில் நின்று, கழியால் தட்டுவது போலக் கதவின் அடியில் தட்டுவாய். ஒன்று என்றால் மெதுவாகப் பேசு. இரண்டு என்றால் பேச்சை மாற்று. மூன்று என்றால் வழி சுத்தம், வா.

பயமாக இருக்கிறது. சீக்கிரம் எழுது.

ரோவெலின்


செபு,
பிப்ரவரி 16

இண்டாய்,

கிழித்துவிட்டேன். கடிதத்தை அல்ல, அது சுற்றி வந்த பிஸ்கட் தாளை. கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. பயப்படாதே, இங்கே யாருக்கும் என் சட்டையைத் துவைக்கும் அளவுக்கு என் மேல் பாசம் இல்லை.

என் கணினியைத் தொடாதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! விசிறியில் உப்புப் பிடித்திருக்கும். தூரிகையால் துடை. ஈரத் துணி போடாதே.

இப்போது உன் கம்பி. வீட்டில் வைஃபை பெட்டிதான் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விலாசம் கொடுக்கிறது. நீ அதை விட்டுவிட்டு நேராக இணைத்தாய். சரிதான், அதுதான் வேகமான வழி. ஆனால் இப்போது நடுவில் யாரும் இல்லை, விலாசம் கொடுக்கவும் யாரும் இல்லை. இரண்டும் கம்பியின் இரண்டு முனையில் பெயர் தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கின்றன. நீயே கையால் எழுதிக் கொடு. கணினியில் அந்தக் கம்பிக்கான அமைப்பைத் திற, "தானாக" என்பதை எடுத்துவிட்டு நான் பின்பக்கம் எழுதியிருக்கும் எண்களைப் போடு. கறுப்புப் பெட்டியிலும் அதையே செய்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். ஆனால் அப்பாவுக்காக என்றால் என்னை இழுக்காதே. அவர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உன்னோடு கம்பி விஷயம் மட்டும் பேசுவேன்.

ஜெர்வின்


பாங்கிலன்,
பிப்ரவரி 24

நோங்,

வந்துவிட்டது! டிவியில் கணினி வந்துவிட்டது! கத்த முடியாமல் தலையணையைக் கடித்தேன்.

முதலில் வரவில்லை. நீ "அதையே செய்" என்று எழுதினாய். நான் இரண்டுக்கும் அதே எண்ணை அப்படியே போட்டேன். இரண்டும் ஒரே விலாசத்தில் குடியிருந்தன. பள்ளியில் இரட்டையர் ஆல்வினும் அர்வினும் ஒரே பெயருக்கு "உள்ளேன்" சொல்வது போல. பிறகு கடைசி எண்ணை மட்டும் மாற்றினேன், கணினிக்கு ஒன்று, பெட்டிக்கு இரண்டு. உடனே பிடித்துக்கொண்டது. இது நானே கண்டுபிடித்தது, உன் தாளில் இல்லை. எழுதி வைத்துக்கொள்.

ஞாயிறு பூசைக்கு எல்லாரும் போயிருந்தபோது செய்தேன். வயிற்று வலி என்று படுத்திருந்தேன். திரும்பி வந்த அம்மா இஞ்சிக் கஷாயம் கொடுத்தாள். முழுவதும் குடிக்க வேண்டியதாயிற்று.

கோபப்படாமல் ஒன்று சொல். அந்த நாள் படகில் சரியாக என்ன நடந்தது? எனக்கு வேடிக்கைக்காக வேண்டாம். நான் செய்ததற்கு வேண்டும்.

ரோ


செபு,
மார்ச் 3

இண்டாய்,

கேட்டுவிட்டாய். ஒருமுறை எழுதுகிறேன். மறுபடி கேட்காதே.

தென்மேற்குக் காற்று. மழை. நீர் வடிந்துகொண்டிருந்தது. படகு நிறைய ஆள், கோழி, அரிசி மூட்டை. நான் முன்னணியில் கழியோடு நின்றேன். எப்போதும் திரும்புகிற இடம் உனக்கே தெரியும், கோயில் சிலுவை பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைகிற இடம். மழையில் அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. இரண்டு தட்டு தட்டினேன், திரும்பு என்று. அவர் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார் இண்டாய். என் தட்டு அவர் காதில் விழுந்தது. ஆனாலும் நேராகவே போனார். பிறகு திரும்பினார், மணல் திட்டில் ஏறிவிட்டோம். படகைக் கவிழாமல் தாங்கும் பக்க மிதவைக் கை முறிந்தது. எல்லாரும் இடுப்புத் தண்ணீரில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார்கள்.

துறையில் பாஸ் சந்தோ எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "டேய், நீ தட்டினியா இல்லையா? உங்கப்பன் திரும்பினானா இல்லையா?"

"தட்டினேன் பாஸ். திரும்பலை," என்றேன். வேறு என்ன சொல்வது? பொய்யா?

அப்பா பக்கத்திலேயே நின்றார். "இல்ல" என்றும் சொல்லவில்லை, "ஆமா" என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து "ஏன்பா திரும்பலை?" என்று கேட்டேன். "நீதான் சொல்லி முடிச்சிட்டியே," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே கிளம்பினேன்.

முன்னணியில் நிற்கிறவன் தட்டினால் கேப்டன் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அவன் எதற்கு அங்கே நிற்கிறான்?

ஜெ


பாங்கிலன்,
மார்ச் 11

நோங் ஜெர்வின்,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு உட்கார்ந்து வேலையை முடித்தேன். இந்தக் கடிதத்தோடு இருக்கும் பென்டிரைவில் அது இருக்கிறது. இப்போது சொல்கிறேன். நான் ஒரு விளையாட்டு செய்திருக்கிறேன்.

அதில் நம் கால்வாய் இருக்கிறது. அக்கரையிலிருந்து நம் துறை வரை. படகை ஆடுகிறவர் ஓட்ட வேண்டும். காற்றும் வடிநீரும் அன்றைக்கு இருந்தது போலவே தள்ளும். சிலுவை தொட்டிக்குப் பின்னால் மறையும்போது இரண்டு தட்டுச் சத்தம் கேட்கும். அது உன் தட்டு.

நீ நினைப்பாய், பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் கடல் என்ன தெரியும் என்று. நோங், ஆண்கள் நீங்கள் அந்தக் கடலின் மேலே போகிறீர்கள். நாங்கள் அதன் அடியில் நடக்கிறோம். நீர் முழுக்க வடியும் நாட்களில் அம்மாவோடு சிப்பி பொறுக்கப் போய்ப் போய் ஒவ்வொரு குழியும் என் காலுக்குத் தெரியும். நீங்கள் எல்லாவற்றையும் "மேடு" என்று ஒரே பேரில் சொல்வீர்கள். அதில் ஒரு பாதி மணல். இன்னொரு பாதியில் நீட்டி நிற்கும் பாறைகளுக்கு நாங்கள் வைத்த பேர் பன்றிப்பல். சிப்பி பொறுக்கும் பெண்களைத் தவிர அந்தப் பேர் யாருக்கும் தெரியாது. அம்மாவின் கால் கிழிந்து தையல் போட்டதே, நீ தோளில் தூக்கி வந்தாயே, அந்தப் பாறைதான். அன்று இரவு அப்பா "எந்த இடம்? தொட்டிக்கு நேராவா, தள்ளியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா, "காலு என்னுது, கவலை கல்லப் பத்தியா?" என்று திட்டினாள். அடுத்த நாள் நீர் வடிந்ததும் அவர் தனியாக அந்தப் பக்கம் நடந்து போனதை நான் பார்த்தேன்.

நீ போனதும், காற்று மாறுவதற்கு முன்னால், நீர் வடியும் நேரத்தில் நாம் திரும்புகிற இடத்திலிருந்து தேங்காய் மட்டைகளை மிதக்கவிட்டேன். ஆல்வினும் அர்வினும் தோணி தள்ளினார்கள். பள்ளிப் பாடம் என்று சொன்னேன். மட்டைகள் எங்கே போயின என்று எழுத மாட்டேன். நீயே ஓட்டிப் பார்.

ஒரே தொல்லை. படம் அவ்வப்போது நடுங்குகிறது. சொருகும் இடத்தில் பச்சை விளக்கு எரியாமல் ஆரஞ்சு எரிகிறது. காற்றில் ஆடக் கூடாது என்று கம்பியை வீட்டுத் தூணில் நைலான் நூலால் நன்றாக இறுக்கித்தான் கட்டியிருக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்? படம் நடுங்கினால் பாஸ் சந்தோ "உன் மிஷின்தான் லேட்டு" என்று எழுந்து போய்விடுவார். பிறகு அப்பா எப்போதும் ஐஸ்தான் தூக்குவார்.

யாருக்கும் காட்டாதே!

ரோ


செபு,
மார்ச் 19

இண்டாய்,

யாருக்கும் காட்டாதே என்றது கடிதத்தை. விளையாட்டை அல்ல. கடையில் எல்லாரும் ஆடிவிட்டார்கள்.

முதலில் நான். தட்டுச் சத்தம் கேட்டதும் கை தானாகத் திரும்பியது, படகு அழகாகத் திரும்பியது, பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் எதிர்ப்பக்கம் பிடித்தேன். நகர்ந்துகொண்டே இருந்தது. பன்றிப்பல். படகு நடுவில் பிளந்தது. தப்பு என்னுடையது என்று மறுபடி ஆடினேன். வேகமாகத் திரும்பினேன். மெதுவாகத் திரும்பினேன். முன்கூட்டியே திரும்பினேன். எதிர்ப்பக்கம் வட்டம் போட்டேன். என்னோடு கடையில் வேலை செய்யும், மீன்பிடித் தீவில் பிறந்த டோனாட்டோ, "தள்ளுடா, இது சின்னப் பசங்க ஆட்டம்" என்று உட்கார்ந்தான். அவனும் பல்லில் ஏறினான். "எவன்டா இந்தக் கால்வாய செஞ்சது? அவன் மனசு நல்லாயில்ல," என்றான்.

"என் தங்கச்சி," என்றேன். இதைச் சொல்லும்போது நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடை பூட்டுகிற நேரத்தில் ஒன்று செய்தேன். என் தட்டு கேட்டது, நான் திரும்பவில்லை. மறுபடி என் தட்டு கேட்டது, அப்போதும் திரும்பவில்லை. நேராகவே விட்டு, பற்கள் தாண்டியதும் திருப்பினேன். மணலில் ஏறியது. மிதவைக் கை முறிந்தது. திரையில் நீ எழுதியிருந்தாய்: பயணிகள் எல்லாரும் கரையில்.

அப்பா தாமதிக்கவில்லை. காத்திருந்தார்.

ஆனால் நானும் பொய் சொல்லவில்லை. தட்டினேன், திரும்பவில்லை. இதையும் சேர்த்து ஞாபகம் வை.

இனி உன் கம்பி. பைத்தியமே, படகில் மிதவைக் கையைக் கட்டுவது போலக் கட்டினாயா? உள்ளே எட்டு மெல்லிய நரம்பு ஓடுகிறது. நீ இறுக்கியதில் ஒன்றிரண்டு செத்திருக்கும். அதனால்தான் ஆரஞ்சு விளக்கு. உலகத்தில் நம் தீவுக்காரர்கள்தான் கம்பியைக் கடலுக்குப் போகிற மாதிரிக் கட்டுவார்கள். இதோ புதுக் கம்பி, முனைகளை நானே பொருத்தினேன், சோதித்தும் பார்த்தேன். கட்டாதே. சும்மா ஆணியில் வளைத்துத் தொங்கவிடு.

திருவிழாவுக்கு வருவாயா என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் வர மாட்டேன்.

ஜெர்வின்


பாங்கிலன்,
மார்ச் 26

நோங்,

இந்தக் கடிதத்தை உடனே கிழித்துவிடு.

புதுக் கம்பி போட்டேன். பச்சை விளக்கு! படம் கண்ணாடி போல இருக்கிறது. நீ சொன்னபடி தூணில் ஆணி அடித்து வளைத்துத் தொங்கவிட்டேன், காலண்டரால் மறைத்தேன்.

இன்று காலை பார்த்தால் கம்பி ஆணியில் இல்லை. தூணோடு கட்டப்பட்டிருக்கிறது. பழைய வலைக் கயிற்றால், இரண்டு சுற்று, தளர்வாக, கம்பி உள்ளே தாராளமாக அசையும்படி. ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். யாரோ கழுத்து வலிக்கிற குழந்தையைத் தூக்குவது போலக் கட்டியிருக்கிறார்கள். காலண்டர் திரும்ப அதே இடத்தில், நேராக. நான் மாட்டியது கோணலாக இருந்தது.

அம்மாவுக்கு இந்த முடிச்சு தெரியாது. காலைச் சாப்பாட்டில் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "மீன் தீஞ்சிருக்கு," என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்வார்? கடலில் போடுவதென்றால் ஏன் கட்டினார்? நிறுத்திவிடட்டுமா?

ரோ


செபு,
ஏப்ரல் 1

இண்டாய்,

நிறுத்தாதே.

அது அவர் முடிச்சு. தூங்குகிற பயணிகளின் மூட்டைகளை அவர் அப்படித்தான் கட்டுவார், இறங்கும்போது யாரும் திணறக் கூடாது என்று.

நான் வர மாட்டேன் என்றது கோபத்தில் இல்லை. நான் அந்தக் கூடத்தில் நின்றால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், டிவியைப் பார்க்க மாட்டார்கள். டிவியைப் பார்க்கட்டும்.

பாஸ் சந்தோ மிஷின் மேல் பழி போட்டால் நீ வாதாடாதே. அவர் கையையும் படகையும் ஒன்றாகப் பார்க்கச் சொல். மீதியைக் கம்பி பார்த்துக்கொள்ளும்.

ஜெ


பாங்கிலன்,
ஏப்ரல் 5, திருவிழா

நோங் ஜெர்வின்!

எல்லாரும் கீழே தூங்குகிறார்கள், அல்லது குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார்கள். துறையில் இன்னும் பாட்டுச் சத்தம் கேட்கிறது, விருந்தாளிகளுக்காகப் படகு இன்னும் போய் வருகிறது. அப்பா என்னோடு இன்னும் பேசவில்லை. "அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் கூப்பிடுவதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கூடம் நிறைந்திருந்தது. வாசலில் பாஸ்வேர்ட் அட்டை. அப்பா பின்கட்டில் சுட்ட பன்றியை வெட்டிக்கொண்டிருந்தார். நான் முதலில் சிறுவர்களை ஆடவிட்டேன். அவர்கள் பல்லில் ஏறி ஏறிச் செத்துச் சிரித்தார்கள். பாஸ் சந்தோ தட்டோடு வந்து நின்றார். ரிக்கோ தொப்பியோடு பின்னாலேயே வந்தான்.

"என்ன இண்டாய், பொம்மைப் படகா?"

"நம்ம கால்வாய் பாஸ். ஓட்டிப் பாக்குறீங்களா?"

"இதையா? நான் தூங்கிக்கிட்டே ஓட்டுவேன்டி." தட்டை ரிக்கோவிடம் கொடுத்துவிட்டு, சிறுவர்களிடமிருந்து ஆட்டக் கருவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நீ தட்டினாய். அவர் திரும்பினார். படகு பல்லில் ஏறிப் பிளந்தது. சிறுவர்கள், "பாஸ் முழுகிட்டாரு! பாஸ் முழுகிட்டாரு!" என்று குதித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"மிஷின் லேட்டு! நான் எப்பவோ திரும்பிட்டேன்."

"இன்னொரு வாட்டி ஓட்டுங்க பாஸ். உங்க கையையும் படகையும் சேத்துப் பாருங்க," என்றேன். சரியாக அப்போது வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "வைஃபை போச்சு! கேப்டன், வைஃபை போச்சு!" என்று கத்தினார்கள். வீட்டில் எல்லார் போனும் செத்துவிட்டது. நோங், டிவியில் படகு ஒரு துளி நடுங்கவில்லை. அவர் கை இந்தப் பக்கம், படகு இந்தப் பக்கம். கை அந்தப் பக்கம், படகு அந்தப் பக்கம். எல்லாரும் பார்த்தார்கள். மனாங் பெபெத் சத்தமாகவே சொன்னாள்: "மிஷின் சரியாத்தான் இருக்கு பாஸ். கடலுதான் உங்க பேச்சு கேக்கல."

மறுபடி பல். ரிக்கோ பிடுங்கி ஓட்டினான். பல். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினான். அப்போதும் பல்.

பாஸ் சந்தோ மெல்லக் கேட்டார். "இங்க கல்லு இருக்குன்னு யாரு சொன்னா?"

"நான்," என்று அம்மா முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றி, அத்தனை பேர் நடுவில், தழும்புள்ள பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். "நாளைக்கு நீர் வடிஞ்சதும் வாங்க பாஸ். நடந்தே காட்டுறேன். செருப்பு போட்டுக்கிட்டு வாங்க." சிப்பி பொறுக்கும் பெண்கள் எல்லாரும் "ஆமா" "ஆமா" என்று பேசத் தொடங்கினார்கள். நான் அதுவரை அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

யாரோ, "கேப்டன் பசிலியோவ கூப்பிடு!" என்றார்கள். பிறகு எல்லாரும் கத்தினார்கள். அப்பா கத்தியை வைத்துவிட்டு வந்தார். கையெல்லாம் பன்றிக் கொழுப்பு. சட்டையில் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் மறந்துவிட்டது.

"எதத் திருப்பணும்?" என்று கேட்டார்.

"கட்டை விரலால இத, அப்பா."

நீ இரண்டு தட்டு தட்டினாய். அப்பா தலையை நிமிர்த்தினார், டிவிக்குள் நீ நிற்பது போல முன்னணியைப் பார்த்தார். திரும்பவில்லை. மறுபடி தட்டினாய். அவர் கட்டை விரல் அசையவில்லை. பற்கள் கடந்தன. பிறகு ஒரே திருப்பு. மணல். மிதவைக் கை முறிந்தது. பயணிகள் எல்லாரும் கரையில்.

அன்று அந்தப் படகில் இருந்தவர்கள் பாதிப்பேர் கூடத்தில்தான் இருந்தார்கள். லோர்னா, இடுப்புத் தண்ணீரில் குழந்தையைத் தூக்கி நடந்தாளே, அவள் அந்தக் குழந்தையை அப்பா மடியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

பாஸ் சந்தோவின் குரலே மாறிவிட்டது. "அன்னைக்கே ஏன் சொல்லல பசிலியோ? உன் பையன் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே."

"தப்பு இல்ல பாஸ். அவன் தட்டினான், நான் திரும்பல. அவன் சரியான இடத்துலதான் தட்டினான்." அப்பா குழந்தையின் விரலிலிருந்து கருவியை மெதுவாக விடுவித்தார். "துறையில அத்தன பேர் முன்னாடி அவன் தட்டினது தப்புன்னு நான் சொல்லியிருந்தா, அப்புறம் எந்தக் கேப்டன் அவன முன்னணியில நிக்க வைப்பான்? என் பேர் போனா நான் ஐஸ் தூக்கலாம். அவனுக்கு வயசு இருக்கு."

நோங், அவர் பேசாமல் நின்றது உன்னைக் காப்பாற்றத்தான்.

பாஸ் சந்தோ அப்பா அருகே வந்தார். பிறகு ரிக்கோவின் தொப்பியை எடுத்து அப்பா பக்கம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "எனக்கு வெயில் பழக்கம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ரிக்கோவும்தான். "சரி, தொப்பி வேணாம், படக எடுத்துக்க," என்றார் பாஸ். "முன்னணிக்கு யாரு?"

"ஆள் இருக்கான். செபுல," என்றார் அப்பா. எல்லார் முன்னாலும், நோங். உன் பேர் சொல்லி. "ஜெர்வின்" என்று. இந்த வீட்டில் உன் பேர் சத்தமாகக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

அப்புறம் ஊரே என்னைச் சுற்றிக்கொண்டது. "இண்டாய், எப்படிச் செஞ்சே?" "இண்டாய், எங்க வீட்டு டிவிக்கும் கம்பி போடுவியா?" நான் பெரிய ஆளாட்டம் சொன்னேன், நடுவில் யாரும் இருக்கக் கூடாது, விலாசத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசி எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும் என்று. அப்பா பின்கட்டுக்குப் போகும்போது தூணருகே நின்றார். காலண்டரைத் தூக்கி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

அந்த "அப்புறம்" வந்துவிடுமோ என்றுதான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன். மனாங் பெபெத் விடிந்ததும் இதை வாங்கிக்கொள்வாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. இதை மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. டோனாட்டோவுக்கும் காட்டு. நோங், நீ வா. முன்னணியில் உன் இடம்

ஏணியில் யாரோ ஏறுகிறார்கள். அப்பாவாக இருந்தால் கீழேயே நின்று கூப்பிட்டிருப்பார். டார்ச்சை அணைக்கப் போகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அடியில். கழியால் தட்டுவது போல, நீ தட்டுவது போல. ஒன்று. இரண்டு. மூன்